அக்ரூட்டும் கறுப்பு ஒயினும்

பெண் கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் மேட்டு ஊரில் யாரும் வாயைத் திறந்து முடியாது என்று சொல்வதில்லை. நன்றாக விருந்து போடுவார்கள். சூப், வாத்து, சீஸ் என்று ஒவ்வொன்றாக வரும், ஒயின் வரும், சிரிப்பும் வரும். எல்லாம் முடிந்து இனிப்பு வர வேண்டிய நேரத்தில் ஒரு தட்டு அக்ரூட்டைக் கொண்டு வந்து நடுமேசையில் வைப்பார்கள். அதுதான் பதில். வந்தவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த கசோ வீட்டில், என் மாமனாரின் தாத்தா காலத்தில் ஒருவனுக்கு அப்படி அக்ரூட் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே வைக்கோல் களஞ்சியம் எரிந்துபோனது. யார் வைத்த நெருப்பு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. பின்சுவரில் இன்னமும் கரி படிந்த கற்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்போம், மழைக்காலம் வந்தால் கறுப்பு மறுபடி மேலே வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் அக்ரூட்டை யாரும் வெறும் கொட்டையாகப் பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் சமையலறை மேடையில் இரண்டும் இருந்தன. ஒரு பக்கம் துர்த்தியேர். மாவை மேசை அகலத்துக்குக் காகிதமாக இழுத்து, நடுவில் ஆப்பிளும் அர்மன்யாக் சாராயமும் வைத்து, வாத்துக் கொழுப்பு தடவிச் சுடுகிற பலகாரம் அது. முந்தின நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டி என் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. இன்னொரு பக்கம் மண் தட்டு நிறைய அந்த வருஷத்துப் புது அக்ரூட். மாமனார் உர்பான் விடிந்ததும் பரணிலிருந்து தானே அள்ளிக்கொண்டு வந்து வைத்தது.

"ரெண்டும் எதுக்கு மாமா?" என்றேன்.

"ரெண்டும் இருக்கட்டும்."

"கடைசில எதைக் கொண்டாரணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, திறந்து, கட்டைவிரலால் கூர் பார்த்தார். எங்கள் ஆண்கள் சாப்பிடுவது அவரவர் கத்தியில்தான். வீட்டுத் தலைவர் தன் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். வாயில் பாதிக் கவளம் இருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான்.

"பெரிய கத்தி கொண்டான்னு கேட்டேன்னா பலகாரம். என் கத்திய மடக்கிட்டேன்னா, அது." தட்டைப் பார்க்காமலே கையைக் காட்டினார். "உனக்குப் புரியும் ஸெலி. உனக்கு ஒண்ண ரெண்டு தடவை சொல்ல வேண்டியதில்ல."

புரிந்தது. அதனால்தான் துர்த்தியேரை முன்னால் இழுத்துவிட்டு அக்ரூட் தட்டை மேடையின் மூலைக்குத் தள்ளினேன்.

என் நாத்தனார் மைலிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் இந்த வீட்டின் நாக்கு. பன்னிரண்டு வயதிலிருந்து மாமனார் அவளைக் கேட்காமல் எந்தப் பீப்பாயையும் திறந்ததில்லை. எங்கள் மதிரான் ஒயின் சுலபமான சரக்கு இல்லை. தன்னா என்கிற கறுப்புத் திராட்சையில் பிறப்பது. இளசில் குடித்தால் ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும், பச்சைப் பேரிக்காயைக் கடித்தது மாதிரி பல் கூசும். அந்தத் துவர்ப்புக்குப் பின்னால் காட்டுப் பெர்ரியும் அதிமதுரமும் ஒளிந்திருக்கும். எத்தனை வருஷம் வைத்தால் அது வெளியே வரும் என்பதை ஒரு வாய் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள் மைலிஸ். என் புருஷன் சிப்ரியானுக்கு ஒயினும் வினிகரும் ஒன்றுதான். அந்த வரம் தங்கைக்கு மட்டும் வாய்த்தது.

அப்படிப்பட்டவள் இந்த அறுவடையில் தொட்டிப் பக்கமே போகவில்லை. திராட்சை பொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் நிலவறை வாசலில் நின்று மூச்சை இழுத்தவள் அப்படியே ஓடிப்போய்ச் செடி மறைவில் வாந்தி எடுத்தாள். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும். நான் கேட்டேன், அவள் மறைக்கவில்லை. லாமோத் வீட்டுக் கிராசியன்தான் தகப்பன். இன்றைக்குத் தாயோடு பெண் கேட்டு வரப்போகிறவனும் அவன்தான். அதனால் துர்த்தியேர் மேசைக்குப் போனால் என் நாத்தனாருக்கு வாழ்க்கை. அக்ரூட் போனால், அவள் வயிறு பெரிதாகும்போது இந்த மேட்டிலேயே அவளுக்கு நிற்க இடம் இருக்காது.

"கண்ணீரெல்லாம் முட்டைக்கோஸ்ல விடாத, உப்பு கூடிப் போயிடும்" என்றேன்.

"அழல அண்ணி." கத்தியை நிறுத்தினாள். "அப்பா அந்த லாரி விஷயத்த நம்பறாரா?"

அந்த லாரி விஷயம் ஊர் முழுக்க இருந்தது. முந்தின வருஷம் பிப்ரவரியில் விழுந்த உறைபனியில் கொடிகள் படார் படாரென்று வெடித்துச் செத்தன. எங்களுக்குப் பாதித் தோட்டம் போயிற்று. லாமோத் வீட்டுத் தோட்டம் பள்ளத்தில் இருப்பது, ஏறக்குறைய எல்லாமே போயிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டு ஒயின் முன்னைவிட அதிகமாகப் பட்டணத்து ஓட்டல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதுக் கார் வேறு வந்தது. துறைமுகத்திலிருந்து தொட்டி லாரி வருகிறது, அதில் ஆல்ஜீரியாவிலிருந்து கப்பலேறி வந்த மலிவுச் சரக்கு வருகிறது, அதைத்தான் மதிரான் என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள் என்று பேச்சு.

"ஊர்ல ஆயிரம் பேசுவாங்க" என்றேன்.

"நான் அவன்கிட்டயே கேட்டேன் அண்ணி. நேருக்கு நேராவே கேட்டேன். நம்ம வீட்டுல இதை மட்டும் அப்பா மன்னிக்க மாட்டாரு, நானும் மாட்டேன், உண்மையச் சொல்லிடு, சொல்லிட்டா சேந்து சரி பண்ணலாம்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"இங்க கை வெச்சு சத்தியம் பண்ணினான்." சமையல் அங்கியின் இடுப்பு முடிச்சுக்குக் கீழே, அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பிள்ளை தலை மேல சத்தியமா எங்க நிலவறைல ஒரு சொட்டு வெளிச் சரக்கு இல்லைன்னான்."

எனக்கு அப்போதே என்னவோ போலிருந்தது. பிறக்காத பிள்ளையின் தலையில் சத்தியம் வைக்கிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அவள் கல்யாணம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குத் தெற்குக் காற்று அடித்தது. மலை தாண்டி ஸ்பெயினிலிருந்து வருகிற அந்தக் காற்றில் நவம்பரிலும் வேர்க்கும், தலை வலிக்கும், நாய்கள் காரணமில்லாமல் குரைக்கும். மலை அன்றைக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் பின்னாலேயே புயல் வரும் என்பார்கள், எங்களுக்குப் பிடிக்காது.

மணியடித்த மாதிரி லாமோத் கார் வந்து நின்றது. அந்தச் சூட்டிலும் கழுத்தில் நரித் தோல் சுற்றிக்கொண்டு இறங்கினாள் கிராசியனின் தாய் லெயோந்தின்.

"வீடு அப்படியே இருக்கே. ஒரு ஆணிகூட மாத்தல போல" என்றாள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே.

"மாத்தினா வர்றவங்களுக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமேன்னுதான்" என்றேன்.

கிராசியன் சிரித்தான். நல்ல களையான பையன், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பாட்டில் வைத்திருந்தான், தங்க எழுத்தில் லாமோத் என்று அச்சடித்த காகிதம் ஒட்டியது. எங்கள் பாட்டில்களில் மாமனார் சாக்கட்டியால் வருஷத்தை மட்டும் எழுதிவைப்பார்.

"வாங்க தம்பி. வாங்க லாமோத் அம்மா. நீங்க இந்தப் பக்கம் ஒக்காருங்க, அங்க அடுப்புச் சூடு படும். ஸெலி, அம்மாவுக்கு ஒரு திண்டு எடுத்துப் போடு" என்றார் மாமனார்.

மாமனாருக்குக் கோபம் வந்தால் கத்துவார், பாத்திரம் பறக்கும், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். அவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயம். முன்னொரு தடவை நொண்டிக் குதிரையைத் தலையில் கட்டிய தரகரிடம் இப்படித்தான் திண்டு போட்டுப் பேசினார். அந்தத் தரகர் அதற்குப் பிறகு எங்கள் மாவட்டச் சந்தை எதிலும் கால் வைக்கவில்லை.

சூப்பைக் கொண்டு போனேன். முட்டைக்கோஸ், வெள்ளை பீன்ஸ், வாத்துக் கழுத்து எல்லாம் சேர்ந்து கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் இருந்தது. சிப்ரியான் பேசாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். அவனுக்கு எந்த விருந்தும் ஒன்றுதான். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சாறு நிற்கும்போது மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார். ஷாப்ரோ நேரம் வந்துவிட்டது. மிச்சமிருக்கிற சூடான சாற்றில் ஒயினை ஊற்றி, கிண்ணத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கி அப்படியே குடிப்பதற்குப் பெயர் ஷாப்ரோ. எங்கள் ஒயினின் முரட்டுத்தனத்தை அந்த வாத்துக் கொழுப்பு அடக்கிப்போடும். குடித்தால் தொண்டையிலிருந்து பாதம் வரை இறங்குவது தெரியும்.

"நாங்க வீட்டுல இதையெல்லாம் விட்டு எவ்வளவோ நாளாச்சு" என்றாள் லெயோந்தின். "இப்பல்லாம் கண்ணாடி டம்ளர்லதான். சூப்புல ஒயின ஊத்தறது பாக்கவே ஒரு மாதிரி இருக்கும் இல்ல."

"அம்மா, அவங்க வீட்டுப் பழக்கம்" என்றான் கிராசியன். உடனே எழுந்து, தான் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தான். "இன்னிக்கு எங்க ஒயின்லதான் ஷாப்ரோ. ஐயா மறுக்கக் கூடாது."

மாமனார் தன் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "மொதல்ல மைலிஸுக்கு ஊத்துங்க தம்பி. நாக்கு அவளோடது."

அவன் ஊற்றினான். நல்ல தாராளமாக, தலை சாய்த்து, அவளையே பார்த்துக்கொண்டு ஊற்றினான். பாவி, கிண்ணத்தை அவன் பார்க்கவே இல்லை.

தன்னா ஒயினைச் சூடான சாற்றில் ஊற்றினால் சிவப்பு நிற்காது. ஊற்றிய மாத்திரத்தில் ஊதாவாகி, சுழற்றும்போது சிலேட்டுப் பலகை நிறத்துக்குக் கறுத்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பிறந்ததிலிருந்து அந்தக் கறுப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது, எங்கள் மேட்டுக் குழந்தைகள்கூட இதை வைத்துத்தான் நம்ம ஒயின், வெளி ஒயின் என்று சொல்லும். லாமோத் வீட்டுக்கும் இது தெரிந்த விஷயம்தான். ஆனால் டம்ளருக்கு மாறினவர்களுக்குக் கிண்ணம் மறந்துபோய்விட்டது.

மைலிஸின் கிண்ணத்தில் ஒயின் சிவப்பாகவே இருந்தது. அவள் சுழற்றினாள். இன்னொரு தடவை சுழற்றினாள். பீன்ஸ் தோல்கள் மிதக்க, அது செம்பருத்திப் பூவின் நிறத்தில் அப்படியே கிடந்தது.

சிப்ரியான்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான். வெளியே நாய் குரைத்தது. மாமனார் அந்தக் கிண்ணத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றான் கிராசியன் சிரித்தபடி.

மைலிஸ் கிண்ணத்தை உதட்டில் வைத்தாள், கீழே வைத்தாள். "சூடா இருக்கு" என்றாள். எழுந்து எல்லாக் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கழுவும் தொட்டியின் முன்னால் அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா அண்ணி?"

"ஜன்னல் வெளிச்சத்துல அப்படித் தெரியும்" என்றேன். எவ்வளவு கேவலமான பொய் என்று எனக்கே தெரிந்தது.

"அண்ணி."

"சரி, கலப்படம்தான். எவன் பண்ணல? பனில தோட்டம் செத்துப்போச்சு, என்ன பண்ணுவாங்க, பட்டினி கிடப்பாங்களா? அந்தக் கப்பல் சரக்கும் யாரோ வெயில்ல நின்னு பறிச்ச திராட்சைதானே, விஷமா? கல்யாணம் ஆகட்டும், நீ அங்க போய் உக்காந்து எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணு. இப்ப உன் வயித்தப் பாரு மைலிஸ்."

"ஒயினப் பத்திப் பொய் சொல்லியிருந்தா பரவாயில்ல அண்ணி. ஒயின் தானே." கிண்ணத்தைக் கவிழ்த்தாள். சிவப்பு தொட்டியில் ஓடியது. "இதுமேல கை வெச்சுல்ல சொன்னான். கை நடுங்கக்கூட இல்ல."

வாத்துத் தொடைகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். சொந்தக் கொழுப்பிலேயே வேகவைத்து, அதிலேயே மாதக்கணக்கில் ஊறவைத்து, தோல் மொறுமொறுவென்று வறுத்தது. மாமனார் இப்போது தன் பாட்டிலைத் திறந்தார். கொழுப்பான வாத்து, துவர்ப்பான ஒயின், இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு வாய்க்குள் சமாதானமாகிவிடும். லெயோந்தின் இரண்டு டம்ளர் குடித்தாள். தங்கள் பாட்டிலை அவள் சீண்டவில்லை என்பதை நான் கவனித்தேன்.

"இந்த ஒயின் ரொம்ப வயசானது தம்பி" என்றார் மாமனார், எலும்பைச் சுற்றிக் கத்தியை மெதுவாக ஓட்டிக்கொண்டே. "எங்க வீட்டு வயசு இல்ல, ஊரு வயசு. மடத்துத் துறவிங்க வெச்ச கொடின்னு சொல்வாங்க. யாத்திரை போறவங்க வழில தங்கிக் குடிச்சிட்டுப் போவாங்களாம். அப்புறம் பீப்பாய் பீப்பாயா அதூர் ஆத்துல படகேறி பாயோன் துறைமுகத்துக்குப் போச்சு. அங்கேர்ந்து கப்பல்ல எங்கெங்கயோ போச்சு." கத்தி நின்றது. "இங்கேர்ந்து போச்சு. அங்கேர்ந்து எதுவும் வந்ததில்ல."

கிராசியன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

"உங்க தோட்டத்துல தன்னா எவ்வளவு பிழைச்சுது?"

"ஆத்தோரத்துப் பக்கம் தப்பிச்சிடுச்சு ஐயா. நல்லாவே தப்பிச்சிடுச்சு."

"ஆத்தோரம்." மாமனார் தலையாட்டினார். "அங்கதான் குளிர் தேங்கி நிக்கும்னு எங்கப்பா சொல்வாரு. அவருக்கு விவரம் பத்தாது போல. இன்னும் கொஞ்சம் வாத்து வைக்கட்டுமா தம்பி? நீங்க சாப்பிடவே இல்லியே."

அவன் காலர் வேர்வையில் நனைந்திருந்தது. காற்றாகவும் இருக்கலாம். எனக்கோ மாமனாரின் கத்தியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அது திறந்திருந்த வரைக்கும் நம்பிக்கை.

அடுத்து மலையிலிருந்து வந்த செம்மறியாட்டுச் சீஸும் கறுப்புச் செர்ரி ஜாமும் போயின. மாமனார் நிலவறைக்கு இறங்கி, தூசி படிந்த ஒரு பாட்டிலோடு வந்தார். போருக்குப் பிறகு வாய்த்த முதல் நல்ல வருஷத்தது; மைலிஸின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிவைத்த பீப்பாயிலிருந்து நிரப்பியது. அதை எதற்கு இப்போது திறக்கிறார்? பெண்ணைக் கொடுக்கப் போகிறாரா, இல்லை, இனிமேல் கல்யாணமே கிடையாது, குடித்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்துவிட்டாரா?

ஒயின் வழவழவென்று இறங்கியது. இளசில் பல்லைப் பிடித்து இழுத்த முரடன் இப்போது அடங்கி, புகையிலையும் உலர்ந்த பிளம் பழமுமாக மணத்தான். உப்பான சீஸோடு அது சேரும்போது நான் அந்தப் பயத்திலும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாமனார் தன் கத்தியின் அலகை ரொட்டித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மடக்குவதற்கு முன் அப்படித்தான் துடைப்பார்.

"அப்ப பேச வந்ததப் பேசிடலாமா?" என்றாள் லெயோந்தின். "நாள் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்னு நாங்க நினைக்கிறோம். தள்ளிப்போட முடியாத காரணமும் இருக்கும் பாருங்க." அவள் கண் மைலிஸின் வயிற்றின் மேல் போய் நின்றது.

அவளுக்குத் தெரியும். மகன் சொல்லியிருக்கிறான். அதனால்தான் இவ்வளவு தெனாவட்டு. இந்த வீட்டுக்கு வேறு வழியில்லை என்ற தைரியத்தில்தான் அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாமனாரின் கட்டைவிரல் கத்தியின் முதுகில் இருந்தது. அவர் மைலிஸைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுபதைத் தொடப்போகிற அந்த மனுஷனின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பல் பிடுங்கக் கொடுத்தவன் முகம் மாதிரி இருந்தது. பிறகு கத்தியைத் திறந்தபடியே மேசையில் வைத்தார்.

"ஸெலி," என்றார், "பெரிய கத்தியக் கொண்டா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. லெயோந்தின் நரித் தோலைச் சரிசெய்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். கிராசியன் பெருமூச்சு விட்டதை எல்லோரும் கேட்டோம். நான் எழுவதற்குள் மைலிஸ் எழுந்துவிட்டாள்.

"நீங்க இருங்க அண்ணி. நான் எடுத்தாறேன்."

உள்ளே போனாள். மேடையில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. துர்த்தியேரின் தகடு நகரும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். இது மண் சத்தம். எனக்கு அங்கேயே புரிந்துபோயிற்று.

அவள் வந்தாள். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தாள். அதைக் கிராசியனுக்கு நேராக மேசையில் வைத்தாள். ஒரு அக்ரூட் உருண்டு போய் தங்க எழுத்துப் பாட்டிலில் மோதி நின்றது.

"மைலிஸ்" என்றார் மாமனார். "நான் பெரிய கத்தி கேட்டேன்."

"காதுல விழுந்துதுப்பா."

"ஏன் கேட்டேன்னு தெரியுமா?"

"தெரியும். எனக்காகக் கேட்டீங்க." அவள் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்காக நீங்க அந்தச் சிவப்ப முழுங்க வேண்டாம்ப்பா. என்னாலயே முழுங்க முடியல."

கிராசியன் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "உனக்குப் பைத்தியமா? நீ எந்த நிலைமைல இருக்கன்னு தெரிஞ்சுதான் பண்றியா?"

"தெரியும். நீ எது மேல கை வெச்சன்னும் தெரியும்."

லெயோந்தின் எழுந்தாள். முகம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. "நல்லா இருக்கு உங்க வீட்டு விருந்து. வசந்தம் வரட்டும். அப்ப யாரு யாரு வாசல்ல பிள்ளையக் கூடைல தூக்கிட்டு வந்து நிக்கறாங்கன்னு ஊரே பாக்கும்." எல்லோரும் கேட்கும்படி, நிறுத்தி, சொன்னாள்.

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. சிப்ரியான் வாய் பிளந்து தங்கையைப் பார்த்தான். நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் மேசையில் திறந்து கிடந்த தன் கத்தியைக் கையில் எடுத்தார். ஒரு கணம் எனக்கு என்னென்னவோ தோன்றியது. கிராசியனுக்கும் தோன்றியிருக்க வேண்டும், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

மாமனார் கத்தியை மடக்கினார். அந்தச் சின்னச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"சாப்பாடு ஆச்சு" என்றார்.

தொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் கிராசியன் நின்றான். காற்று அவன் தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. அவன் எங்களைப் பார்க்கவில்லை, முற்றத்துக்கு அந்தப் பக்கம் களஞ்சியத்தைப் பார்த்தான்.

"வைக்கோல் இந்த வருஷம் நல்லாக் காஞ்சிருக்கு ஐயா" என்றான், சந்தையில் பேசுகிற குரலில். பிறகு காரில் ஏறினான்.

கார் போனபின் சிப்ரியான் எழுந்து வெளியே போனான். நான் மைலிஸைத் திட்டினேன், அதையும் மறைக்கப்போவதில்லை. "உன் மானத்துக்கு நீயே கொள்ளி வெச்சுட்டியே, இனி உன்ன எந்தக் கோவில்ல உள்ள விடுவாங்க, அந்தப் பிள்ளைய என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க" என்று என்னென்னவோ. திட்டிக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஸெலி, போதும்" என்றார் மாமனார். "சூப் இருக்கா?"

"இருக்கு மாமா."

"சுட வெச்சுக் கொண்டா. அவ கிண்ணத்துலயும் ஊத்து."

"உங்களுக்கு எப்பலேர்ந்துப்பா தெரியும்?" என்றாள் மைலிஸ்.

"பன்னெண்டு வயசுலேர்ந்து தொட்டி வாசனைக்கு நாய்க்குட்டி மாதிரி ஓடி வந்தவ நீ. அந்த வாசனைக்கே ஒருத்தி வாந்தி எடுத்தா, அப்பனுக்குத் தெரியாதா?"

நான் கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தேன். மாமனார் அந்தக் கல்யாணப் பாட்டிலில் மிச்சமிருந்ததை எடுத்து அவளுடைய சாற்றில் ஊற்றினார். மூவரும் குனிந்து பார்த்தோம். ஊதாவாகித் திரண்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லக் கறுத்துக்கொண்டு போனது.

"குடி" என்றார். "ரெண்டு பேருக்கும் சேத்து."

அவள் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கினாள். அறுவடைக்குப் பிறகு அவள் விழுங்கும் முதல் ஒயின். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தபோது உதட்டோரம் கறுத்திருந்தது. மேசையிலிருந்த ஒரு அக்ரூட்டை எடுத்து, இன்னொன்றோடு சேர்த்து உள்ளங்கையில் அழுத்தி உடைத்தாள். பருப்பை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

காற்று இன்னும் நின்றபாடில்லை. முற்றத்தில் சிப்ரியான் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துக் களஞ்சியத்துச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் சொல்லவில்லை.